ஏழு மீட்டர் அறுபத்திரண்டு சென்டிமீட்டர்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தீவின் பொதுக்கூடத்தில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் வருமாறு: ஜன்னலோரம், மழையைப் பார்த்தபடி, ஆட்டுப் பண்ணைக்காரன் எட்வின் ஃப்ளெட். அவனுக்கு எதிரே, தேநீர்க் கெட்டிலுக்குக் கை எட்டும் தூரத்தில், தபாலாபீசையும் மளிகைக் கடையையும் ஒரே மேஜையில் நடத்தும் ஜெஸியான் கர்சிட்டர். கதவுக்குப் பக்கத்தில், நடைச்சட்டத்தை முன்னால் நிறுத்திக்கொண்டு, நாற்பது வருஷம் படகில் வேலை பார்த்து ஓய்ந்த வாட்டி டிரெவர். மருந்துக் குளிர்பெட்டிக்கு அருகில் நர்ஸ் மோரா. மேடைக்குக் கீழே, மடிக்கணினிக்குப் பின்னால், எடின்பரோவிலிருந்து இரண்டு விமானம் மாறி வந்து இறங்கிய டாக்டர் பெல்லமி. தரையில் ஒட்டிய இரண்டு மஞ்சள் நாடாக்களுக்கு நடுவே, குறுக்கே நீட்டிப் படுத்தபடி, எட்வினின் கிழட்டு நாய் மோஸ்.

இதை எழுதிக்கொண்டவள் டேவினா ஹெடில். அவள் இடம் சுவரோரம், பழைய பியானோவுக்குப் பக்கத்தில். பத்தொன்பது வருஷம் தீவின் கால்நடைக் கண்காட்சிச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவள். யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிட்டால் பிறகு வாய்ச்சண்டைக்கு இடமில்லை என்பது அவள் அனுபவம். ஒரு தடவை, பரிசு வாங்கிய காளை கண்காட்சிக்கே வரவில்லை என்று வழக்கு வந்தபோது, அவள் குறிப்பேடுதான் காளையைக் காப்பாற்றியது.

அவளையும் சேர்த்து அங்கே நால்வருக்கு ஒரே நோய். எம்.எஸ். என்று இரண்டெழுத்தில் சொல்வார்கள். உடம்பின் காவல்படையே புத்திகெட்டுப் போய் நரம்புகளின் மேலுறையைக் கடித்துத் தின்னும் நோய். மின்கம்பியின் உறையை எலி கடித்துவிட்டால் விளக்கு எப்படி மினுக்கி மினுக்கி எரியுமோ, அப்படித்தான் காலும் கையும் கண்ணும். உலகத்தில் வேறெங்கேயும்விட, இந்தத் தீவு அடங்கிய ஆர்க்னித் தீவுகளில் இந்த நோய் அதிகம் என்று கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள். அதற்காகத் தீவுக்காரர்கள் புலம்பியதில்லை. இங்கே காற்றும்தான் அதிகம்.

அதனால்தான் மருந்துச் சோதனை இங்கே வந்தது. வளர்ச்சிக் காரணி என்று ஒரு புரதம். கடிபட்ட உறையை மறுபடி சுற்று என்று உடம்புக்கு உத்தரவு போடுமாம். ஆய்வுக்கூடத்து எலிகள் கேட்டு நடந்தன. இப்போது மனிதர்களின் முறை. வாரம் ஒரு ஊசி. சிலருக்கு அசல் மருந்து, சிலருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று ஊசி போடுகிற மோராவுக்கும் தெரியாது, அளந்து எழுதுகிற பெல்லமிக்கும் தெரியாது. ஒரு வருஷம் ஓடி, மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்தால், உப்புத்தண்ணீர்க்காரர்களுக்கும் அசல் மருந்து தருவார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது.

வேலை செய்கிறதா என்று பார்க்க மாதம் ஒரு நடைத் தேர்வு. நாடாவுக்கு நாடா ஏழு மீட்டர் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். முடிந்தவரை வேகமாக நடக்க வேண்டும். பெல்லமி நிறுத்துக்கடிகாரத்தை அமுக்குவார்.

முதல் மாதம் மோஸ் வந்து சரியாக நாலாவது மீட்டரில் படுத்துக்கொண்டது. தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் போவது அந்த இடத்தில்தான். பெல்லமி கூப்பிட்டுப் பார்த்தார், பிஸ்கட் காட்டிப் பார்த்தார். கடைசியில் "தடை: நாய், ஒன்று" என்று பதிவு செய்துகொண்டு தேர்வை நடத்தினார். அடுத்த மாதம் நாய் வரவில்லை. எல்லா மாதமும் ஒரே நிலைமையில் அளந்தால்தான் ஒப்பிட முடியும் என்பது விதி. ஆகவே எட்வின் போய் நாயை ஏற்றிக்கொண்டு வரும்வரை ஒன்றரை மணி நேரம் விஞ்ஞானம் காத்திருந்தது.

நாயைவிடப் பெரிய தடை, யார் முதலில் நடப்பது என்பது.

"எட்வின், நீ போப்பா."

"ஐயோ, நான் எதுக்கு? ஜெஸியான் போகட்டும்."

"எனக்கென்ன அவசரம்? வாட்டி போகட்டும், பெரியவரு."

"பெரியவன்னா கடைசியிலதானே போகணும்?"

இந்தச் செவ்வாயும் நாற்பது நிமிடம் இப்படியே போனது. பெல்லமி இங்கிலாந்துக்காரர், தட்டில் கடைசியாக ஒரு கேக் துண்டு இருந்தால் அதை எடுத்துத் தின்றுவிடுகிற ஊரில் வளர்ந்தவர். இந்தத் தீவில் அந்தத் துண்டு காய்ந்து, தட்டோடு வீட்டுக்குப் போகும். கடைசியில் மோரா அதட்டி வாட்டியை முதலில் நடக்க வைத்தாள். வாட்டிக்கு நோய் முற்றியிருந்தது. சட்டத்தைத் தூக்கித் தூக்கி வைத்து, நாயைச் சுற்றி, பதினொன்றரை விநாடியில் போய்ச் சேர்ந்தார். முகம் பீட்ரூட்டாகச் சிவந்துவிட்டது.

அடுத்து எட்வின் நடந்தான். பதினொன்று புள்ளி ஆறு. ஜெஸியான், பதினொன்று புள்ளி ஏழு. டேவினா, பதினொன்று புள்ளி ஆறு.

இப்போது ஆறு மாதம் முடிந்துவிட்டது. பெல்லமி கணினியைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். திரையில் ஒரு கோடு, பனியில் உறைந்த குளம் மாதிரி ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் கிடந்தது.

"நாலு பேர், ஆறு மாசம், இருபத்துநாலு நடை" என்றார். "எல்லாமே பதினொண்ணுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவுல. இந்த நோய்ல ஒருத்தருக்குக் கூடணும், இல்ல குறையணும். இப்படி நாலு பேரும் ஒரே மாதிரி நிக்கறத நான் பார்த்ததே இல்ல."

"நல்லதுதானே, ஒத்துமையா இருக்கோம்" என்றான் எட்வின்.

"நாட்குறிப்பையாவது பார்க்கலாம்னா…" பெல்லமி ஒரு கட்டைப் பிரித்தார். தினமும் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஐந்து பெட்டிகளில் ஒன்றில் குறியிட வேண்டும்: மிக மோசம், மோசம், சுமார், நன்று, மிக நன்று. நால்வரும் ஐந்தையும் விட்டுவிட்டு, பக்கத்தில் பேனாவால் ஆறாவதாக ஒரு பெட்டி வரைந்து, "மோசமில்லை" என்று எழுதி அதில் குறியிட்டிருந்தார்கள். ஆறு மாதமும். ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாமலே.

"மிஸ்டர் டிரெவர், நவம்பர் பத்தொன்பதாம் தேதி நீங்க விழுந்து தோள்பட்டை எலும்பு முறிஞ்சுது. சரியா?"

"ஆமா."

"அன்னிக்கும் மோசமில்லைன்னு எழுதியிருக்கீங்க."

"வலது பக்கம் நல்லாத்தானே இருந்துச்சு, டாக்டர்."

பெல்லமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தார். மேற்பார்வைக் குழு எழுதியது. சோதனையில் மொத்தம் பன்னிரண்டு பேர். இந்தத் தீவில் நால்வர், பக்கத்துத் தீவுகள் இரண்டில் எட்டுப் பேர். அங்கேயும் கோடு நேராகத்தான் கிடக்கிறது. ஆகவே மருந்தால் பயன் இல்லை என்று கருதி, வரும் திங்கட்கிழமை மதியத்தோடு சோதனையை நிறுத்த உத்தேசம். மறுப்புச் சொல்ல ஆதாரம் எதுவும் இருந்தால், கையெழுத்திட்ட அசல் தாளாக அதற்குள் வந்து சேர வேண்டும்.

"திங்கட்கிழமை குளிர்பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார். "யாருக்காவது ஏதாவது முன்னேற்றம் இருந்தா, தயவுசெஞ்சு இப்பச் சொல்லுங்க. ஒரு சின்ன விஷயம்னாலும் சரி."

ஜெஸியான் கெட்டிலைப் பார்த்தாள். எட்வின் மழையைப் பார்த்தான். வாட்டி எதையும் பார்க்கவில்லை.

"குறை சொல்ல ஒண்ணுமில்ல, டாக்டர்" என்றாள் டேவினா.

சொன்ன மறுகணமே அவள் நாக்கு கசந்தது.

ஏனென்றால் சொல்ல இருந்தது. மூன்று வருஷமாக அவளுடைய இடது பாதம் யாரோ மறந்துவிட்டுப் போன பூட்ஸ் மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஜனவரியில் ஒரு காலை, செருப்பில்லாமல் சமையலறைக் கல்தரையில் அந்தக் காலை வைத்தவள், ஐயோ என்று கத்திவிட்டாள். ஜில்லென்றிருந்தது. கெட்டில் கொதித்து அணைந்த பிறகும் அந்தக் குளிரில் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு, மார்ச் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் தேவாலயத்திலிருந்து திரும்பி மதியச் சாப்பாட்டில் இருந்த நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்னாலுள்ள கல்வேலியைத் தாண்டுவதற்காகப் பதித்த ஐந்து படிகளையும் ஏறி அந்தப் பக்கம் இறங்கினாள். மூன்று வருஷமாக வேலிக்கு மேலே அலையின் நுனியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றைக்குக் கடலை அடிவரை பார்த்தாள்.

ஆனால் நடைத் தேர்வில் அவள் வாட்டியின் நேரத்தை மனசுக்குள் எண்ணிக்கொண்டுதான் நடந்தாள். பதினொன்று வந்த பிறகுதான் நாடாவைத் தாண்டுவாள். முடியாத மனுஷருக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்து காட்டுவது என்ன பிறப்பு?

திங்கட்கிழமை குளிர்பெட்டி போய்விட்டால் அந்தக் கால் மறுபடி பூட்ஸாகிவிடும். எத்தனை வாரத்தில் என்பதுதான் தெரியாது.

புதன்கிழமை காலை அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து குழுவுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தாள். கண்காட்சிச் சங்கத்துக்காக அமைச்சருக்கே எழுதியிருக்கிறாள். இது என்ன பெரிய வேலை? "மதிப்பிற்குரியவர்களுக்கு, என் இடது கால் முன்னைவிட" என்று எழுதினாள். முன்னைவிட என்ன? நன்றாக இருக்கிறதா? காது மடல் சூடாகியது. கிழித்தாள். "என்னால் இப்போது கல்வேலியை" என்று தொடங்கினாள். அதையும் கிழித்தாள். ஐந்தாவது தாளில் "அவ்வளவு மோசமில்லை" என்பதற்கு அப்பால் பேனா நகரவில்லை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால், இந்த வருஷம் என் உருளைக்கிழங்கு நன்றாக வந்திருக்கிறது என்று தன் வாயால் சொல்லிவிட்ட ஒருவனை, தீவில் இன்றைக்கும் "நல்ல உருளை" என்றுதான் சொல்கிறார்கள். அவன் செத்துப் பதினோரு வருஷமாகிறது. அவன் மகனுக்கும் அதே பெயர்தான்.

வியாழக்கிழமை தாள் தீர்ந்துபோய்த் தபாலாபீசுக்குப் போனாள். ஜெஸியான் மேஜைக்குப் பின்னால் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"அடியே டேவினா, அந்த எட்வின் பண்றது தெரியுமா உனக்கு?"

"என்ன பண்றான்?"

"சனிக்கிழமை ஆட்டுக்கொட்டகைக் கூரை மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு ஓடு மாத்தறான்! ஏணி வச்சு ஏறி! காத்து எப்படி அடிச்சுதுன்னு தெரியும்ல? போன வருஷம் இந்த மனுஷனுக்கு ரெண்டு படி ஏற நான் கை கொடுத்தேன். இப்ப என்னடான்னா கூரை உச்சியில குதிரை சவாரி. விழுந்து தொலைஞ்சா யாரு தூக்கறது?"

"எவ்வளவு நேரம் இருந்தான் மேல?"

"மூணே கால் மணி நேரம். ஒண்ணு அம்பதுக்கு ஏறினான், அஞ்சு அஞ்சுக்கு இறங்கினான். நான் ஒண்ணும் வேலை மெனக்கெட்டுப் பார்க்கல. ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கு, அவ்வளவுதான்."

டேவினாவின் கை தன்னால் குறிப்பேட்டை எடுத்தது. தீவில் யாரும் தங்களைப் பற்றித் தாங்களே ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி ஒரு புகார் என்றால், நாள், நேரம், காற்றடித்த திசை எல்லாம் வரும். இது பத்தொன்பது வருஷச் செயலாளருக்குத் தெரியாததா? தெரியும். அது இதற்குப் பயன்படும் என்றுதான் இதுவரை தெரியவில்லை.

வீட்டுக்குப் போய், முதல் மாதம் மோரா கொடுத்த இளஞ்சிவப்புப் படிவக் கட்டைத் தேடி எடுத்தாள். இருபதும் அப்படியே இருந்தன. யாராவது குறை சொன்னால்தானே செலவாகும்? மேலே கொட்டை எழுத்தில் "பாதக விளைவு அறிக்கை" என்றிருந்தது. சோதனையில் உள்ளவருக்கு நேர்ந்த விரும்பத்தகாத நிகழ்வு எதுவானாலும், நேரில் கண்டவர் யார் வேண்டுமானாலும் எழுதலாம். கீழே பொடி எழுத்தில்: கையில் கிடைத்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மேற்பார்வைக் குழு இதைப் படித்தே ஆக வேண்டும்.

டேவினா அதை மூன்று தடவை வாசித்தாள். பிறகு ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு திரும்பத் தபாலாபீசுக்கு நடந்தாள். வாட்டியின் வேகத்தில் அல்ல.

"நிகழ்வின் கடுமைன்னு கேட்டிருக்கு, ஜெஸியான். லேசு, நடுத்தரம், கடுமை."

"கடுமை! கடுமைக்கு மேல ஒண்ணு இருந்தா அதப் போடு."

"மருந்தோட தொடர்பு இருக்கலாமா?"

"பின்ன? அவன் புத்தியோட தொடர்பா?"

ஜெஸியான் பட்டென்று கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகுதான், இது எதற்கு என்று கேட்டாள். பாதுகாப்பு விஷயம் என்றாள் டேவினா.

எட்வினின் கொட்டகையில் சேறு கணுக்கால் அளவு இருந்தது. அவன் ஒரு செம்மறியைக் காலுக்கிடையில் பிடித்துக்கொண்டு குளம்பு வெட்டிக்கொண்டிருந்தான். மோஸ் வைக்கோலில் படுத்திருந்தது.

"எட்வின், ஜெஸியானைப் பத்தி உனக்கு ஏதாவது புகார் உண்டா?"

அவன் கத்தியைக் கீழே வைத்தான். ஏதோ வருஷக்கணக்காக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவன் மாதிரி இருந்தது முகம்.

"வயலின்" என்றான்.

"என்ன வயலின்?"

"அவ விரல் மரத்துப்போனதுல ரெண்டு வருஷம் நிம்மதியா இருந்தோம். நோய் வரணும்னு நினைக்கல, கடவுள் சத்தியமா. ஆனா நிம்மதியா இருந்தோம். பிப்ரவரி மாசத்துலேர்ந்து மறுபடியும் ஆரம்பிச்சிட்டா. கதவ சாத்திக்கிட்டு, தலைகாணி போட்டு அடைச்சுக்கிட்டு வாசிக்கிறா, யாருக்கும் கேக்கலேன்னு நினைப்பு. மோஸுக்குக் கேக்குது. அது ஊளையிட ஆரம்பிச்சா ஆடெல்லாம் கலையுது."

"வேகமான பாட்டா, மெதுவான பாட்டா?"

"வேகம்தான். அதான் வயித்தெரிச்சல். ஒரு சுரம் தப்பலையே! தப்பா வாசிச்சாலாவது கிண்டல் பண்ணலாம்."

"கடுமை?"

"ரொம்பக் கடுமைன்னு எழுது. நாயையும் சாட்சியாப் போடு."

போட்டாள். தன்னைப் பற்றி அவனுக்கு ஏதாவது புகார் உண்டா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் திரும்பினாள். அது, என்னைக் கொஞ்சம் புகழ்ந்து சொல்லேன் என்று கேட்ட மாதிரி ஆகிவிடாதா? ஆக இரண்டு படிவம். அதில் அவள் கால் இல்லை.

வெள்ளிக்கிழமை தபால் விமானம் மூன்று மணிக்கு. ஒன்றரை மணிக்கு அவள் உறை மேல் முகவரி எழுதிக்கொண்டிருந்தபோது, வாசலில் நடைச்சட்டத்தின் சத்தம் கேட்டது. டக், இழுவை, டக். வாட்டி டிரெவர் பக்கத்து வீடுதான் என்றாலும் அந்தத் தூரம் வர அவருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகும். உள்ளே வந்து, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, மூன்றாவது தடவை தேநீரை வாங்கிக்கொண்டார்.

"ஊரெல்லாம் புகார் வாங்கறியாம். என் வீட்டுப் பக்கம் வரலையே, பொண்ணே."

"உங்களைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலீங்க, வாட்டி."

"சொல்ல என்ன இருக்கு? எனக்குப் போடறது உப்புத்தண்ணி."

"அது யாருக்கும் தெரியாதே. டாக்டருக்கே தெரியாது."

"நாப்பது வருஷம் வாயிலயும் மூக்குலயும் போன தண்ணி. தோலுக்குள்ள போனா மட்டும் தெரியாதா? முதல் ஊசியிலயே தெரிஞ்சுபோச்சு. சரி, வருஷம் முடியட்டும், நமக்கும் அசல் வரும்னு இருந்தேன். இப்ப பொட்டியையே தூக்கறாங்களாம்." அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நானும் நடைத் தேர்வுல முடிஞ்ச அளவுக்கு ஓடிப் பார்த்துட்டேன். அதுக்கு மேல என்னால முடியல."

"நீங்க எதுக்கு அப்படி ஓடறீங்க? மூச்சு வாங்கி, முகமெல்லாம் செவந்து…"

"நான் ஆடி அசைஞ்சு போனா, பின்னாடி நடக்கற உங்க மூணு பேருக்கும் தேத்தண்ணி ஆறிடும்ல? எல்லாரையும் காக்க வைக்கறது நல்லாவா இருக்கு? அதான் வீட்டுல பழகிக்கிட்டேன். நவம்பர்ல எலும்பு எப்படி முறிஞ்சுதுன்னு நினைச்ச? நடைபாதையில ஏழு மீட்டர் அறுபத்திரண்டு அளந்து, நாய்க்குப் பதிலா நாக்காலியைப் போட்டு, பழகினேன். நாக்காலி மேல விழுந்துட்டேன்."

டேவினா பேனாவைக் கீழே வைத்தாள்.

"வாட்டி, நாங்க மூணு பேரும் உங்களைப் பார்த்துத்தான் மெதுவா நடந்தோம்."

"என்னது?"

"உங்களைவிட வேகமா நடக்கக் கூடாதுன்னு. எட்வின் ஆடு எண்ணிக்கிட்டே நடப்பான். ஜெஸியான் எப்படின்னு தெரியாது. நான் உங்க நேரத்தையே எண்ணுவேன். பதினொண்ணு ஆனாத்தான் நாடாவைத் தாண்டுவேன்."

வாட்டி கோப்பையை ணங்கென்று மேஜையில் வைத்தார். பாதித் தேநீர் சிந்தியது. அது நோயா கோபமா என்று தெரியவில்லை.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்றார். "நீங்க மூணு பேரும் எனக்கு மரியாதை பண்ணிப் பண்ணி மருந்து வேலை செய்யலைன்னு ஆக்கிட்டீங்களே! நீங்க மெதுவா நடந்தா எனக்கு எங்கேர்ந்து அசல் மருந்து வரும்?"

"நீங்க ஓடாம இருந்திருந்தா…"

"ஆமா, நானும் கழுதைதான். நாலு கழுதைங்க. நாய் ஒண்ணுதான் யோக்கியமா அது இடத்துல படுத்திருந்துச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எடு பேனாவை. உன் மேல ஒரு புகார் இருக்கு."

"என் மேலயா?"

"மார்ச் ரெண்டு, ஞாயித்துக்கிழமை. மத்தியானம் ஒண்ணேகால். டேவினா ஹெடில் என்பவள் என் அனுமதி இல்லாம என் கல்வேலி ஏறிக் குதிச்சு என் நிலத்துல நுழைஞ்சா. எழுதறியா?"

டேவினாவுக்குக் கழுத்துவரை சிவந்தது. ஆனால் செயலாளர் கை நிற்கவில்லை. "குதிக்கல. இறங்கினேன்."

"அஞ்சு படி. கையப் பிடிக்காம. கடைசிப் படியில ஒரு தாவல் இருந்துச்சு, அதுக்குப் பேர் குதிக்கறதுதான். அப்புறம் என் டர்னிப் கிழங்குப் பாத்தி வழியா நடந்து, ஒரு டர்னிப்பை வேணும்னே எட்டி உதைச்சா. எந்தக் காலாலன்னு எழுது. இடது காலால."

"அதையுமா பார்த்தீங்க?"

"முழுசாப் பார்த்தேன். பார்த்து முடிச்ச உடனே, பார்க்கறது மரியாதை இல்லன்னு திரும்பிக்கிட்டேன்."

"கடுமை?" என்று கேட்டாள்.

"கடுமை. டர்னிப் பிழைக்கல."

"நிகழ்வு முடிந்துவிட்டதா, தொடர்கிறதான்னு ஒரு கட்டம் இருக்கு."

வாட்டி ஜன்னல் வழியாக வேலியைப் பார்த்தார். "தொடரட்டும்னு போடு" என்றார்.

அப்படி ஒரு பெட்டி இல்லை. டேவினா பேனாவால் வரைந்து சேர்த்தாள். வாட்டி கையெழுத்துப் போட மூன்று நிமிடம் ஆனது. பிறகு அவரே இன்னொரு படிவத்தை இழுத்து முன்னால் வைத்தார். அது அவர் எலும்புக்கு. டேவினா எழுதி வாசித்துக் காட்டினாள்: "நிகழ்வு: தோள்பட்டை எலும்பு முறிவு. காரணம்: பிறர் தேநீர் ஆறிவிடக் கூடாது என்று சக்திக்கு மீறி நடந்து பழகியது. மருந்தோடு தொடர்பு: இல்லை. அண்டை வீட்டாரோடு தொடர்பு: முழுவதும்."

"சரியா இருக்கா?"

"மோசமில்ல" என்றார் வாட்டி.

நான்கு படிவங்களுக்கும் மேலே வைக்க ஒரு கடிதம் வேண்டும். இந்தத் தடவை கிழிக்காமல் ஒரே மூச்சில் எழுதினாள்:

"மதிப்பிற்குரியவர்களுக்கு. இத்துடன் பாதக விளைவுப் படிவங்கள் நான்கு இணைத்துள்ளேன். மூன்று பேரிடம் மருந்து கட்டுக்கடங்காமல் போயிருப்பதாக அண்டை வீட்டார் கருதுகிறார்கள். நடைத் தேர்வின் எண்களை எங்கள் கால்களின் எண்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை எங்கள் வளர்ப்பின் எண்கள். மற்ற இரண்டு தீவுகளிலும் அப்படியே இருக்கும், அவர்களும் எங்கள் ஜனங்கள்தான். முடிவெடுக்கும் முன் ஒவ்வொருவரையும் தனியாக, கதவைச் சாத்தி, மற்றவர் நேரம் தெரியாமல் ஒருமுறை நடக்கவிட்டுப் பார்க்கக் கோருகிறேன். என்னையும் சேர்த்து. நாயை மட்டும் மாற்ற வேண்டாம். இப்படிக்கு, டேவினா ஹெடில்."

"என்னையும் சேர்த்து" என்பதை அடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். வாட்டி பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கவில்லை. தாள்களை மூன்றாக மடித்து உறையில் போட்டு, ஓரத்தை நக்கி ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். மணி இரண்டே கால். விமானத் தளத்துக்குப் போகும் தபால் வண்டி இரண்டரைக்குக் கிளம்பிவிடும்.

"ஓடு பொண்ணே. எனக்காக நிக்காத."

அவள் நின்றாள், பழக்கம். வாட்டி சட்டத்தால் தரையைத் தட்டினார். அவள் ஓடினாள். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. இடது கால் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. ஆனால் பாதையில் எட்வின் டிராக்டரை நிறுத்திவிட்டு அவசர அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்ட விதத்திலிருந்து, அது பார்க்கக் கூடாத அளவுக்கு வேகமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஜெஸியான் தபால் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். உறையை வாங்கித் தராசில் வைத்தாள்.

"உள்ள என்ன?"

"குறைங்க."

"மொத்தத் தீவோடதுமா? கனமே இல்லையே." முத்திரையை எடுத்து, ஓங்கிய கையை அப்படியே நிறுத்தினாள். "இதுல என்னைப் பத்தி யாராவது ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

"மோசமில்ல" என்றாள் டேவினா, மூச்சு வாங்கிக்கொண்டே.

ஜெஸியான் அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள், பிறகு நாகரிகமாகத் தராசைப் பார்த்துக்கொண்டாள். முத்திரை விழுந்தது. கட்டியிருந்த பையை மறுபடி அவிழ்த்து, உறையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினாள். விரல்கள் ஒரு முடிச்சிலும் தடுமாறவில்லை. வெளியே தபால் வண்டி ஒரு தடவை ஹாரன் அடித்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியின் பின்கதவு வழியாக உள்ளே எறிந்தாள்.